நனைந்த விறகின் மேல் நடந்த விசாரணை

1. துலா மாத மழைக்காலத்தில், ஒற்றசேகரமங்கலத்துக்குக் கிழக்கே காட்டோரத்தில், அரசாங்க உத்தரவின்படி ஒரு தீ மூட்ட வேண்டியிருந்தது.
2. தீ பிடிக்கவில்லை.
3. தீ பிடிக்காததற்கு எல்லைப் போராட்டமே காரணம் என்று மேலிடம் முடிவு செய்தது.
4. எங்கள் அலுவலகப் பியூன் தங்கையன் தற்காலிகமாக வேலை நீக்கம் செய்யப்பட்டார்.
5. விறகு சான்றுப் பொருளாக அறையில் வைத்துப் பூட்டப்பட்டு, பூட்டுக்கு அரக்கு முத்திரை வைக்கப்பட்டது.
6. விறகைப் பற்றித் தொழில்நுட்பக் கருத்துச் சொல்லும் பொறுப்பு, வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதமே ஆகியிருந்த என் மேல் விழுந்தது.

இந்த ஆறும் நடந்த வரிசையில்தான் இருக்கின்றன. நான் எதையும் கூட்டவில்லை, ஒன்றிரண்டைக் குறைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு மகளிர் முகாமின் நிறைவு நாளுக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை நிறைவு நாளுக்குத்தான் அழைப்பது வழக்கம். நிகழ்ச்சி நிரலில் ‘கேம்ப் ஃபயர்’ என்று இருந்தது. மைதானத்தின் நடுவில் நான்கு கட்டைகளைச் சாய்த்து, அவற்றுக்குள் ஒரு பல்பை எரியவிட்டு, மேலே சிவப்புக் காகிதம் சுற்றி, பக்கத்தில் ஒரு மேசை விசிறியை வைத்திருந்தார்கள். காற்றில் காகிதம் படபடத்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். இரண்டாவது பாட்டில் மின்சாரம் போனதும் தீ அணைந்தது.

என் பக்கத்தில் இருந்த இளம் அலுவலர் இருட்டில் கேட்டாள்: “மேடம், உங்க காலத்தில ஒறிஜினல் வெறகுலயா தீ கத்திச்சிய?”

“விறகு ஒறிஜினல்தான். தீதான் இல்லை” என்றேன்.

அவள் சிரித்தாள். அதை எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கிராம சேவிகா என்ற புதிய பதவி. மலையடிவாரத்து வட்டார அலுவலகம் ஒன்றில் வேலை. கிராமத்துப் பெண்களுக்குச் சத்துணவு, குழந்தை வளர்ப்பு, புகையில்லா அடுப்பு ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு பயிற்சி நிலையத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எதைச் செய்தாலும் முதலில் நான்கு தலைப்புகளில் எழுது என்பதுதான் அங்கே முதல் பாடம்: தேவையான பொருள்கள், செய்முறை, எடுக்கும் நேரம், முன்னெச்சரிக்கை. புகையில்லா அடுப்பில் எனக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண். காற்று எந்த வழியாக உள்ளே வர வேண்டும், புகை எந்த வழியாக வெளியே போக வேண்டும், விறகில் உள்ள நீர் ஆவியான பிறகுதான் விறகு எரியத் தொடங்கும் என்பதெல்லாம் படம் வரைந்து பாகம் குறிப்பேன். அங்கே எங்களுக்குக் கொடுத்தது காய்ந்த சவுக்குக் கட்டை. ஈர விறகைப் பற்றிப் பாடத்திட்டத்தில் எதுவும் இல்லை.

அவை எல்லைப் போராட்ட ஆண்டுகள். தெற்கே உள்ள தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை இராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம், கடையடைப்பு, தடையுத்தரவு. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் அடுப்படியில் ஒரு மொழி, முற்றத்தில் ஒரு மொழி, சந்தையில் இரண்டும். யார் எந்தப் பக்கம் என்று கேட்டால், கேட்கிறவர் யார் என்று பார்த்துத்தான் பதில் வரும்.

எங்கள் வட்டார அதிகாரி பத்மநாபன் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குரல் உயர்த்த மாட்டார். கேள்வி கேட்டால் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்ட பிறகு பதில் சொல்வார். மேசையில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமான பென்சில் இருக்கும். நீலம் என்றால் சரி, சிவப்பு என்றால் சரியில்லை. மொழி விஷயத்தில் அரசு ஊழியர்கள் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது, அவர் அதற்கு ஒரு நடைமுறை கண்டுபிடித்தார். மலையாளம் பேசுகிறவர்களிடம் தமிழிலும், தமிழ் பேசுகிறவர்களிடம் மலையாளத்திலும் பேசுவது. யாருக்கும் சலுகை காட்டினார் என்று புகார் வராது. எல்லோருக்கும் இரண்டும் தெரியும் என்பதால் வேலையும் கெடாது. அவர் யோசித்துச் செய்ததில் அது ஒன்றுதான் பழுதில்லாமல் நடந்தது.

அந்த ஆண்டு மாதர் சங்கத் தலைவிகளுக்கு மூன்று நாள் தலைமைப் பயிற்சி முகாம் நடத்த உத்தரவு வந்தது. காட்டை ஒட்டிய ஒரு வெளியில், ஓலைக் கொட்டகையில், நாற்பது பெண்கள். மூன்றாம் நாள் மாலை ஆறரை மணிக்கு கேம்ப் ஃபயர் கட்டாயம். புகைப்படம் இணைக்க வேண்டும். எப்போது நடத்த வேண்டும் என்பதும் உத்தரவிலேயே இருந்தது: துலா மாதம். எங்கள் பக்கத்தில் துலா மாதம், அதாவது ஐப்பசி, என்றால் மதியத்துக்கு மேல் இடி, மின்னல், மழை. உத்தரவு எழுதியவர் இருந்த ஊரில் அது நல்ல வெயில் காலமாக இருந்திருக்கும்.

நான்கு பேருக்கு மேல் கூடக் கூடாது என்று தடையுத்தரவு இருந்ததால் அனுமதி கேட்டு எழுதினோம். தீக்கு அனுமதி வந்தது, கூட்டத்துக்கு வரவில்லை. ஆகவே பெண்கள் நான்கு நான்கு பேராக, இடைவெளி விட்டுத் தீயைச் சுற்றி உட்கார்வது என்று முடிவாயிற்று. எந்த மொழிப் பாட்டை முதலில் பாடுவது என்பதில் ஒரு முழு நாள் போயிற்று. கடைசியில் தமிழ்ப் பாட்டையும் மலையாளப் பாட்டையும் ஒரே நேரத்தில் பாடுவது என்று பத்மநாபன் சார் நீலப் பென்சிலால் எழுதினார்.

மேலிடம் அனுப்பிய ஓர் ஆங்கிலக் கையேடு அவரிடம் இருந்தது. அதில் ஒரு படம். ஊசியிலை மரங்களுக்கு நடுவே, பட்டை உரிக்காத உருண்டைக் கட்டைகளைக் கோபுரம் போல நிறுத்தி, அரைக்கால் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் குளிர் காய்கிறார்கள். படத்துக்குக் கீழே, உண்மையான முகாம்வாசிக்கு ஒரு தீக்குச்சி போதும், மண்ணெண்ணெய் கூடாது என்ற பொருளில் இரண்டு வரி. அந்த இரண்டு வரிகளையும் அவர் அடிக்கோடிட்டிருந்தார்.

விறகு கொண்டுவந்து கோபுரம் கட்டியவர் தங்கையன். கொல்லயில் ஊர்க்காரர். நாற்பது வயது இருக்கும். எட்டு வருடச் சர்வீஸ். இரண்டாம் நாள் மதியமே, காய்ந்த விறகில், படத்தில் உள்ளபடி கட்டி முடித்துவிட்டார். மேகம் கறுத்ததும் முடைந்த தென்னோலை எடுத்து வந்தார்.

“சாறே, மழைக்க கோளு உண்டு. இத மூடிப் போடட்டா?”

எங்கள் பக்கத்தில் உத்தியோகத்தில் இருப்பவர் ஆணானாலும் பெண்ணானாலும் சாறுதான். பத்மநாபன் சார் கண்ணாடியைத் துடைத்தார். மூட்டுவதற்கு முந்திய தோற்றத்தைப் படம் எடுக்கப் புகைப்படக்காரர் நான்கு மணிக்கு வருகிறார், ஓலை போட்டால் குப்பைக் குவியல் போல இருக்கும் என்று மலையாளத்தில் சொன்னார். நான்கு மணிக்கு மழை வந்தது. புகைப்படக்காரர் மறுநாள் வந்தார். அதற்குள் கோபுரம் ஓர் இரவும் ஒரு பகலும் நனைந்திருந்தது.

மூன்றாம் நாள் ஆறரை மணிக்குச் சரியாக மழை விட்டது. பத்மநாபன் சார் ஒரு தீக்குச்சியை உரசினார். அது அணைந்தது. இன்னொன்றை உரசினார். முதல் குச்சி பழுது, அதனால் இதுதான் முதல் குச்சி என்றார். நாற்பத்தொன்றாவது குச்சியும் முதல் குச்சியாகவே இருந்தது.

தங்கையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் மெல்லச் சொன்னார்: “சாறே, கோடாலிய ரெண்டு மூணு தடியில எறக்கினாப் போரும். தோலுதான் நனைஞ்சிருக்கு. உள்ள நல்ல உணங்கின தடியாக்கும்.”

“தங்கையா, சித்ரத்தில் கோடாலி இல்ல” என்றார் பத்மநாபன் சார்.

மாதர் சங்கத் தலைவிகளில் ரோசம்மை என்று ஒருத்தி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். அவள் தன் நால்வர் குழுவிலிருந்து, இடைவெளி மாறாமல், குரல் கொடுத்தாள்: “சாறே, இது தீயா, அஸ்திவாரக் கல்லா? ஆளாளுக்கு வந்து குனிஞ்சு தொட்டுட்டுப் போறிய.”

“ரோசம்மே, சும்மா இரி” என்றார் பத்மநாபன் சார்.

“நான் சும்மாதான் இருக்கேன். எங்க அடுப்பாங்கரையில இதவிட நனைஞ்ச வெறகாக்கும் தெனமும் எரியுது. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல்ல.”

அது அடுப்பு, இது கேம்ப் ஃபயர் என்று பத்மநாபன் சார் விளக்கினார். பிறகு நிகழ்ச்சி நிரலின்படி இரண்டு பாட்டுகளும் ஒரே நேரத்தில் பாடப்பட்டன. எரியாத விறகைச் சுற்றி நாற்பது பெண்கள் கைகளை நீட்டிக் குளிர் காய்வது போல ஒரு படம் எடுக்கப்பட்டது. அந்தப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அது நடிப்பு அல்ல.

மேலிடம் படத்தைப் பார்த்துவிட்டு, தீ எங்கே என்று கேட்டது. கூடவே ஒரு படிவமும் வந்தது. முதல் பத்தி: நிகழ்ச்சி நிறைவேறாததன் காரணம். ‘விறகு நனைந்திருந்தது’ என்று பத்மநாபன் சார் உண்மையை எழுதினார். இரண்டாவது பத்தி: பொறுப்பானவர் பெயர், பதவி. மழையின் பெயரை எழுதலாம். அதற்குப் பதவி இல்லை. பத்தியைக் காலியாக விட்டு அனுப்பினார். பூர்த்தி செய்து அனுப்பவும் என்று திரும்பி வந்தது. இரண்டாம் முறையும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை, விறகுக்குப் பொறுப்பு யார் என்று யோசித்து, ‘தங்கையன், பியூன்’ என்று எழுதினார். அவர் நினைத்தது அவ்வளவுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆனால் பெயர் கிடைத்தால் மேலிடம் சும்மா இருக்காது. தங்கையனின் தம்பி பக்கத்துத் தாலுகாவில் பெண் கட்டி அங்கேயே இருந்தவன். ‘ஜாதா’ என்ற ஊர்வலத்தில் போய்ப் பிடிபட்டு இரண்டு வாரம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். அந்தத் தகவலும் இந்தப் பெயரும் எங்கோ ஒரு கோப்பில் சந்தித்தன. பத்து நாளில் உத்தரவு வந்தது: போராட்டக்காரர்களுக்கு அனுதாபமாக, அரசு முகாமைக் கெடுக்கும் நோக்கத்தோடு, விறகை நனைத்த குற்றச்சாட்டு. விசாரணை முடியும் வரை வேலை இல்லை. குற்றம் உறுதியானால் நிரந்தர நீக்கம். அப்படி நீக்கப்பட்டவனை, தாலுகா எந்த இராஜ்யத்தோடு சேர்ந்தாலும், எந்த அலுவலகமும் சேர்க்காது. அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள்.

தங்கையன் தினமும் காலையில் வந்து, வேலை நீக்கத்தில் இருப்பவருக்கான பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அலுவலக முற்றத்துப் பலா மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வர அனுமதி இல்லை.

“எனக்க தம்பி ஜாதாவுக்குப் போனான். செரி, ஒத்துக்கிடுதேன்” என்றார் ஒரு நாள். “வெறகு எங்க போச்சு சாறே? அதும் ஜாதாவுக்கா?”

விறகு எங்கள் புகையில்லா அடுப்புச் செயல்விளக்க அறைக்குப் போயிருந்தது. ஒவ்வொரு கட்டையிலும் எண் எழுதிய அட்டை கட்டி, கதவைப் பூட்டி, பூட்டில் அரக்கு வைத்தார்கள். அந்த அறையில் இரண்டு ஓடு உடைந்திருந்தது. சான்றுப் பொருளின் ஈரம் ஒரு நாளும் குறையவில்லை.

விசாரணைக்கு முந்தைய நாள், கேள்விப் பட்டியலைப் படியெடுக்கும் வேலை எனக்கு வந்தது. இரண்டாவது படி எழுதும்போதுதான் அதன் அமைப்பு எனக்குப் புரிந்தது.

கேள்வி நான்கு: இந்த விறகை மூட்ட முடியுமா?
முடியாது என்றால், கேள்வி ஐந்து: மூட்ட முடியாத அளவுக்கு அதை நனைத்தது யார்?
முடியும் என்றால், கேள்வி ஆறு: விறகுக்குப் பொறுப்பான தங்கையன் அன்று ஏன் மூட்டவில்லை?

இரண்டு வழியும் ஒரே ஆளிடம்தான் போய் நின்றன. கேள்வி நான்குக்குப் பதில் சொல்ல வேண்டிய தொழில்நுட்பச் சாட்சி நான்.

நான் செய்ய நினைத்ததைச் சொல்கிறேன். அதே விறகைப் படத்தில் உள்ளபடி கட்டி, எரியவில்லை என்று காட்ட வேண்டும். பிறகு அதே விறகைக் கோடாலி போட்டு வேறு மாதிரி அடுக்கி, எரிகிறது என்று காட்ட வேண்டும். அப்படியானால் குற்றம் நீரிலும் இல்லை, தங்கையனிலும் இல்லை, அடுக்கிய முறையில். அந்த முறை யாருடையது என்று கேள்வி வந்தால் பதில் பத்மநாபன் சாரிடம் போகும். என் தகுதிகாண் பருவம் முடிய ஐந்து மாதம் இருந்தது. அதற்கு அவருடைய நீலப் பென்சில் வேண்டும். இதை முன்னெச்சரிக்கை என்ற தலைப்பில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த சிக்கல், ஈர விறகை நான் வாழ்நாளில் மூட்டியதில்லை. தங்கையனிடம் கேட்கக் கூடாது. அவருக்குத் தெரியும் என்பதே அவருக்கு ஆபத்து. அன்று மாலையே ஐந்து வீடுகளுக்குப் போனேன். ஏழு முறைகள் கிடைத்தன. ஒவ்வொரு வீட்டிலும் பக்கத்து வீட்டு முறை தவறு என்றும் சொன்னார்கள். ரோசம்மை வீடு ஐந்தாவது.

“சாறு எங்களுக்கு அடுப்பு படிப்பிக்க வந்த ஆளில்லியா?” என்றாள் அவள்.

“ஆமா.”

“இப்ப எங்கிட்டயா படிக்க வாறிய? கொள்ளாம்.”

ஏழையும் அட்டவணையாகப் போட்டு, எல்லாவற்றிலும் பொதுவாக இருந்ததை மட்டும் எடுத்தேன். தடியைப் பிளந்து காய்ந்த உள்மரத்தை எடுப்பது. ஈர மண்ணில் மூட்டாமல், கட்டைகளைப் பரப்பி அதன் மேல் மூட்டுவது. அடுப்புக்கு மேலே பரணில் புகையில் கிடந்து காய்ந்த தென்னம்பாளையும் சிரட்டையும். முதலில் ஊதாமல் இருப்பது. ஈரத் தடிகளைத் தீயைச் சுற்றிச் சாய்த்து வைத்துக் காயவிடுவது. பாளையையும் சிரட்டையையும் ரோசம்மை ஒரு பழைய துணியில் பொதிந்து கொடுத்தாள்.

திரும்பும் வழியில் தங்கையனைப் பார்த்துச் சொன்னேன்: “அண்ணே, நாளைக்கு நீங்க எதையும் தொடக் கூடாது. கேட்டாலும், அறியாதுன்னு சொல்லிடணும்.”

“கள்ளம் சொல்லணுமா சாறே? வெறகு கத்திக்க அறியாதுன்னு சொன்னா எனக்க பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா.”

“வேலை போறதுக்கு அது பரவாயில்லை.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

விசாரணை அதிகாரி ஐசக் சார் வந்த நாள் கடையடைப்பு. பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. குடையோடு மூன்று மைல் நடந்து, முழங்கால் வரை சேறாக, இருமிக்கொண்டே வந்து சேர்ந்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர். வந்ததும் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அது பட்டியலில் இல்லை.

“கொஞ்சம் சாயா கிட்டுமா?”

தேநீர்க் கடைகள் அடைத்திருந்தன. அலுவலகத்தில் தேயிலை இருந்தது, கருப்பட்டி இருந்தது. தேநீர் போடும் தங்கையன் வேலை நீக்கத்தில் இருந்தார். விறகு முத்திரைக்குள் இருந்தது. இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஐசக் சார் இருமி முடித்து, “அப்ப சாயா அந்த வெறகிலயே ஆகட்டும். எப்படியும் நீ அதக் கத்திச்சுக் காட்டணுமில்லியா?” என்றார். சான்றுப் பொருள் ஒன்று முதல் பதினெட்டு வரை தொழில்நுட்பச் செயல்விளக்கத்துக்காக விடுவிக்கப்படுகின்றன என்று எழுதிக் கையெழுத்திட்டார். அரக்கை உடைத்தோம்.

முற்றத்தில் மழை விட்டிருந்தது. முதலில் ஒன்பது கட்டைகளைப் படத்தில் உள்ளபடி நிறுத்தினேன். குச்சி உரசும்படி பத்மநாபன் சாரையே கேட்டுக்கொண்டேன். அவர் சம்பிரதாயமாக முன்வந்து ஆறு குச்சிகள் உரசினார். பட்டை கறுத்தது, அவ்வளவுதான். ஐசக் சார் குறித்துக்கொண்டார்.

அடுத்த ஒன்பது கட்டைகளுக்குக் கோடாலியை எடுத்தேன். கோடாலியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதன் காம்பு எந்த மரத்தில் செய்வது என்பது மட்டும். முதல் வெட்டு மண்ணில் இறங்கியது. இரண்டாவது, கட்டையை முற்றத்தின் மறுகோடிக்கு அனுப்பியது. பலா மரத்தடியில் தங்கையன் எழுந்து நின்றுவிட்டார். நான் அவரைப் பார்த்தேன். உட்கார்ந்தார். மூன்றாவது வெட்டில் கோடாலி கட்டையில் சிக்கிக்கொண்டது. கட்டையோடு சேர்த்துத் தூக்கினேன்.

“சாறே, காலு,” என்றார் தங்கையன், தாங்க முடியாமல். “காலு போவும். தடிய நட்டு வச்சு வெட்டணும். படுக்கப் போட்டா வெட்டுவாவ?”

“தங்கையண்ணே, மிண்டாம இரிங்க.”

ஐசக் சார் பென்சிலை நிறுத்தி அவர் பக்கம் திரும்பினார். “எலே, உனக்கு இந்தப் பணி அறியுமா?”

நான் கோடாலியும் கட்டையுமாக நின்றேன்.

“அறியும் சார்,” என்றார் தங்கையன். “இந்தப் பக்கத்தில பொறந்த எல்லாருக்கும் அறியும்.”

“அப்பம் அன்னைக்கு ஏன் கத்திக்கல்ல?”

நான் இரண்டு முறை படியெடுத்த கேள்வி அது. பதிலுக்கு ஒரு வரி இடம் விட்டிருந்தேன்.

“கோடாலிக்கு உத்தரவு இல்ல சார். கேட்டேன். இல்லன்னு சொல்லிட்டாவ. ஓலை போட்டு மூடவும் கேட்டேன். அதுக்கும் உத்தரவு இல்ல.”

எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லை. பியூனின் வார்த்தை அதிகாரியின் வார்த்தைக்கு எதிரே நின்றது. ஐசக் சார் பத்மநாபன் சாரைப் பார்த்தார். “அப்படித்தானா?”

பத்மநாபன் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அவர்கள் பேசியது பெண்கள் காதுக்கு எட்டவில்லை; தங்கையனும் நானும் மட்டுமே சாட்சி. ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவர், மற்றவர் தகுதிகாண் பருவத்தில் இருப்பவர். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உள்ளே போய், கையேட்டை எடுத்து வந்து, பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

“ஆமாம். நான்தான் சொன்னேன். படத்தில் கோடாலி இல்லை” என்றார். அதில் வெட்கம் துளியும் இல்லை. விதிப்படி நடந்தவரின் திருப்தி இருந்தது. ஐசக் சார் எந்த மொழிக்காரர் என்று முடிவு செய்ய முடியாமல், இரண்டு மொழியிலும் சொன்னார்.

ஐசக் சார் விரலை வைத்துப் படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஊசியிலை மரங்கள், அரைக்கால் சட்டைகள், கோபுரம்.

“இதுல மழை உண்டா?” என்றார்.

பத்மநாபன் சார் குனிந்து உண்மையாகவே தேடினார். “இல்லை” என்றார் கடைசியில்.

“எலே, நீ வந்து வெட்டு” என்றார் ஐசக் சார் தங்கையனிடம். “இந்தப் பிள்ளைக்குக் காலு மிச்சம் வேணும்.”

வேலை நீக்கத்தில் இருப்பவர் அலுவலக வேலை செய்யக் கூடாது என்று பத்மநாபன் சார் விதி எண்ணோடு சொன்னார். இது அலுவலக வேலை இல்லை, சாயா என்று ஐசக் சார் சொன்னார்.

நான்கு வெட்டில் நான்கு தடி பிளந்தது. உள்மரம் வெளுப்பாக, காய்ந்து, தூசி பறக்கும்படி இருந்தது. கட்டைகளைப் பரப்பி, அதன் மேல் பாளை, உள்மரச் செதில்கள், சிரட்டைத் துண்டுகள், விரல் தடிமன் குச்சிகள் என்று நான் அடுக்கினேன். ஊத வேண்டாம் என்பது பட்டியலில் இருந்தும் நான் ஊதினேன். முதல் குச்சி என்னால் அணைந்தது. இரண்டாவது குச்சிக்குப் பாளை பிடித்தது. சிரட்டையில் எண்ணெய் சீறியது. கனத்த புகை எழுந்து நேராக விசாரணை மேசைக்குப் போயிற்று. ஐசக் சார் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். மற்ற ஈரத் தடிகளைச் சுற்றிச் சாய்த்து வைத்தோம். சிறிது நேரத்தில் அவற்றின் முனையில் நீர் நுரைத்தது. பிறகு அவையும் பிடித்தன. அட்டைகளை அவிழ்க்க மறந்துவிட்டோம். சான்றுப் பொருள் பதினொன்றும் பன்னிரண்டும் எண்ணோடு எரிந்தன.

கருப்பட்டிச் சாயா மூன்று தம்ளர் குடித்துவிட்டு ஐசக் சார் இருமாமல் பேசினார். தீ இருந்ததால் அவருடைய கால்சட்டையும் உலர்ந்தது. மீதிக் கேள்விகளை அவர் கேட்கவே இல்லை.

அறிக்கை எழுதுவது அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை. அதிகாரியைக் குறை சொன்னால் மேல்முறையீடு வரும். கையேட்டைக் குறை சொன்னால், அதை அனுப்பிய மேலிடத்தையே குறை சொன்னதாகும். பத்தியைக் காலியாக விட்டால் திரும்பி வரும். அவர் எழுதியதைப் பின்னால் நான் பார்த்தேன். பொறுப்பானவர் பெயர்: துலாவர்ஷம். பதவி: வடகிழக்குப் பருவமழை. பரிந்துரை: வருங்காலத்தில் கவனமாக இருக்குமாறு அறிவுறுத்தலாம். எல்லாப் பத்திகளும் பூர்த்தியாகியிருந்ததால் மேலிடம் ஏற்றுக்கொண்டது.

தங்கையனை வேலையில் சேர்க்கும் உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது. அன்று காலை அவர் வழக்கம்போலப் பலா மரத்தடிக்குத்தான் போனார். பத்மநாபன் சார் சன்னல் வழியாகக் கூப்பிட்டு, “தங்கையா, அகத்து வா” என்றார். உள்ளே வந்ததும் முதல் வேலையாக உடைந்த ஓட்டை மாற்றச் சொன்னார்.

எனக்குத் தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. குறிப்பில், ‘தொழில்நுட்ப அறிவு உண்டு, படத்தைப் பின்பற்றும் பழக்கம் போதாது’ என்று சிவப்பில் இருந்தது. ஆனால் அடுத்த முகாமுக்குச் சாமான் பட்டியல் தயாரிக்கக் கையேட்டைத் திறந்தபோது, படத்தில் அரைக்கால் சட்டைக்காரரின் காலடியில் சிறிதாக ஒரு கோடாலி வரைந்திருந்தது. நீலப் பென்சில். அதன் பிறகு எங்கள் முகாம்களுக்குக் கோடாலி கொண்டுபோகத் தடை இருக்கவில்லை.

பிறகு தெற்குத் தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு போயின. எங்கள் தாலுகா கேரளத்தில் நின்றது. தங்கையனின் தம்பி அந்தப் பக்கத்துக்காரர் ஆனார், தங்கையன் இந்தப் பக்கத்துக்காரர். வயது முடிந்த நாளில், எல்லோரையும் போல மாலையும் பேச்சுமாகத் தங்கையன் ஓய்வு பெற்றார். இப்போது கொல்லயிலில் இருக்கிறார். மூன்று பெண்களுக்கும் திருமணம் ஆகிவிட்டது. அவருடைய பணிப் பதிவேட்டில் அவருக்கு எதிராக எதுவும் இல்லை.